திட்ட அறிக்கை யாருக்காக?

சிறு தொழில் தொடங்கக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, 'திட்ட அறிக்கை இருக்கிறதா?' என்பதே. இல்லாவிட்டாலும் கவலையில்லை. திருக்கோவிலூர் போன்ற எந்தச் சிறுநகரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு கணினி மையமோ, வரிக் கணக்கு எழுதித்தரும் அலுவலகமோ இருக்கும். ஆதார் நகல், இயந்திர விற்பனையாளர் தந்த விலைப்புள்ளி, கொஞ்சம் பணம் ஆகியவற்றைக் கொடுத்தால் மாலைக்குள் 20 பக்க அறிக்கை, ஆங்கிலத்தில், அட்டவணைகளோடு தயாராகிவிடும். தொழில் தொடங்குபவர் அதில் கையொப்பமிடுகிறார். பெரும்பாலும் படிப்பதில்லை, பலரால் படிக்கவும் முடியாது.

பணி ஓய்வுக்குப் பிறகு, இப்பகுதி இளைஞர்கள் கொண்டுவந்து காட்டிய இத்தகைய அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அடுமனை, செக்கு, பால்பண்ணை, ஆயத்த ஆடை என்று தொழில்கள் வேறு வேறு. ஆனால், உள்ளே ஒரே வார்ப்பு. முதலாண்டில் உற்பத்தித் திறனில் 60 விழுக்காடு, இரண்டாமாண்டில் 70, மூன்றாமாண்டில் 80. கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனைக் காட்டும் விகிதம் எப்போதும் ஒன்றரைக்குச் சற்று மேல். ஏனென்றால், வங்கிகள் பார்ப்பது அதைத்தான். சரக்கை யார் வாங்கப்போகிறார்கள் என்ற இடத்தில், 'சந்தை வாய்ப்பு நன்றாக உள்ளது' என்று ஒரு வரி. கிடைக்கக்கூடிய கடன் தொகையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற விற்பனையைப் பின்னோக்கி எழுதியிருப்பது பொருளியல் படித்த எவருக்கும் புலப்படும்.

இதில் கணினி மையத்தைக் குறைகூறிப் பயனில்லை. வாடிக்கையாளர் கேட்டதை அவர்கள் செய்து தருகிறார்கள். கேள்வி வேறு: தொழில் தொடங்குபவர் தன் தொழிலைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய ஒரே கட்டாயத் தருணத்தையும் விலைகொடுத்துத் தவிர்த்துவிடும்படி நம் கடன் முறை ஏன் அமைந்திருக்கிறது?

மானியம் முன்னே, தொழில் பின்னே

2008 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம் வரையும், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு 35 விழுக்காடு மானியம். அவர்கள் போடவேண்டிய கைமுதல் 5 விழுக்காடு. தமிழக அரசும் தன் பங்குக்குப் படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம், 'நீட்ஸ்' எனப்படும் புதிய தொழில்முனைவோர் திட்டம், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், கலைஞர் கைவினைத் திட்டம் எனப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. பிணையில்லாக் கடனுக்கு முத்ரா இருக்கிறது. சிறு தொழில்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010இலேயே ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருந்தது.

இவை நல்ல திட்டங்கள். சொத்தில்லாத குடும்பத்தின் பிள்ளை வங்கியின் படியேற இவையே காரணம். ஆனால், எந்த மானியத்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. திட்ட மதிப்பு கூடினால் மானியமும் கூடும் என்றால், தொழிலுக்கு எவ்வளவு தேவை என்ற கேள்வி பின்னுக்குப் போய், எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடும். இயந்திரத்துக்கு விலைப்புள்ளி தருபவர் ஒருவர், அறிக்கை எழுதுபவர் ஒருவர், விண்ணப்பத்தைப் பதிவேற்றுபவர் ஒருவர். கடனை அடைக்கவேண்டியவர் மட்டும் இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

மானியம் கையில் கிடைப்பதில்லை என்பதே பலருக்குப் பிறகுதான் தெரிகிறது. அது மூன்றாண்டுகளுக்கு வங்கியிலேயே வைப்புத்தொகையாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வட்டி போடப்படாது. தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் அது கடனில் கழியும். இந்த ஒரு விதியை அறிந்திருந்தால் முதல் மூன்றாண்டுப் பணவரவைப் பற்றிய சிந்தனையே மாறியிருக்கும்.

ஒரு செக்கின் கணக்கு

அறிக்கையைத் தானே எழுதுவதால் என்ன கிடைக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வரிகளை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். விலைகளை வாசகர்கள் தங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம் பகுதியில் மணிலா, மல்லாட்டை என்றெல்லாம் அழைக்கப்படும் நிலக்கடலைக்குக் குறைவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அரகண்டநல்லூரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமே இருக்கிறது. எனவே, திருக்கோவிலூர் அருகே கிராமமொன்றில் ஒரு பெண் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்குகிறார் என்று கொள்வோம். திட்ட மதிப்பு ரூ.8 லட்சம். அவர் போடுவது ரூ.40,000. மானியம் ரூ.2.8 லட்சம். மீதி ரூ.4.8 லட்சம் கடன். 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ ரூ.10,400.

ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கிலோ ரூ.120 என்றால் ரூ.300. பிண்ணாக்கு விற்று ரூ.56 திரும்பும். புட்டி, போக்குவரத்துக்கு ரூ.12. ஆக, அடக்கம் ரூ.256. நேரடியாக வீடுகளுக்கு ரூ.320க்கு விற்றால் லிட்டருக்கு ரூ.64 மிஞ்சும். மாதச் செலவுகள்: வாடகை ரூ.8,000, ஓர் ஆள் கூலி ரூ.12,000, மின்சாரமும் பராமரிப்பும் ரூ.5,000, தவணை ரூ.10,400. மொத்தம் ரூ.35,400. இதை ஈடுகட்ட மாதம் 554 லிட்டர் விற்க வேண்டும்.

விலைக்கு வாங்கிய அறிக்கை பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். உரிமையாளரின் உழைப்புக்கு அதில் ஊதியம் இருக்காது. அவர் வீட்டுக்கு மாதம் ரூ.15,000 எடுக்க வேண்டுமானால் விற்பனை 788 லிட்டராக உயர வேண்டும். ஒரு குடும்பம் மாதம் மூன்று லிட்டர் வாங்கும் என்றால், அவருக்குத் தேவை 263 குடும்பங்கள். நியாயவிலைக் கடையில் பாமாயில் லிட்டர் ரூ.25க்குக் கிடைக்கும் மாநிலத்தில், செக்கு எண்ணெய்க்கு ரூ.320 கொடுத்து மாதாமாதம் வாங்கும் 263 குடும்பங்கள்! அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், ஏன் இவரிடம் மாற வேண்டும்? 'சந்தை வாய்ப்பு நன்றாக உள்ளது' என்ற வரி மறைத்துவிட்ட கேள்விகள் இவை.

வீடு வீடாகப் போக முடியாது, மளிகைக் கடைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்தால்? கடைக்காரருக்கு ரூ.290க்குத் தரவேண்டியிருக்கும். லிட்டருக்கு மிஞ்சுவது ரூ.34. அதே ரூ.15,000 ஊதியத்துக்கு இப்போது 1,483 லிட்டர் விற்க வேண்டும், ஏறக்குறைய இருமடங்கு. கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்டால் ரூ.4.3 லட்சம் வெளியில் நிற்கும். கைமுதல் ரூ.40,000 போட்டவருக்கு அது எங்கிருந்து வரும்?

பருப்பு விலை கிலோவுக்கு ரூ.10 ஏறினால் என்னவாகும் என்றும் பார்க்கலாம். லிட்டருக்கு மிஞ்சிய ரூ.64, ரூ.39 ஆகிவிடும். வீட்டு விற்பனையிலேயே 1,293 லிட்டர் தேவைப்படும். அறுவடைக் காலத்தில் வாங்கி இருப்பு வைத்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால், 788 லிட்டருக்கு ஒரு மாதப் பருப்பே ரூ.2.36 லட்சம். திட்ட மதிப்பில் ஆறு லட்சத்தை இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு லட்சத்தை மட்டும் நடைமுறை மூலதனத்துக்கு ஒதுக்கியவர், முதல் மாதமே கைமாற்றுக்கு அலைய வேண்டியதுதான். தொழிலில் இலாபம் இருந்தும் கையில் பணமில்லாமல் பூட்டப்படும் சிறு தொழில்களின் கதை பெரும்பாலும் இதுவே.

இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புக் கூட்டல் பெருக்கலே போதும். ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். ஆனால், அதை எழுதி முடிக்கும் பெண், கடைகளுக்குக் கொடுப்பதா, வீடுகளுக்குக் கொடுப்பதா என்பதைக் கடன் வாங்கும் முன்பே முடிவு செய்திருப்பார். சிறிய செக்கு போதும் என்று முடிவெடுத்தாலும், இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகினாலும், அது தோல்வியாகாது. வராத நட்டமும் ஒரு வரவுதான்.

ஊரை அறிந்தவர் எழுத வேண்டியது

வார்ப்பு அறிக்கையால் சொல்ல முடியாதவை இன்னும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் மாவட்டம் இது. கரும்புக்கான தொகையை 14 நாள்களுக்குள் தரவேண்டும் என்பது சட்டம். எந்த ஆலைப் பகுதியிலும் அந்தப் பணம் தாமதமாகும் பருவத்தில் துணிக்கடை முதல் தேநீர்க்கடை வரை எல்லாக் கடன் நோட்டுகளும் தடிக்கும். விற்பனை மாதந்தோறும் சமமாக இருக்கும் என்று எழுதும் அறிக்கை, இந்த ஊரைப் பார்த்திராத அறிக்கை.

தென்பெண்ணையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரையின் வீடுகளும் கடைகளும் வெள்ளத்தில் மூழ்கின. கிடங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது, சரக்குக்குக் காப்பீடு உண்டா என்ற இரண்டு வரிகள் இங்கே எழுதப்படும் எந்த அறிக்கையிலும் இடம்பெற வேண்டியவை.

வாய்ப்புகளும் அப்படியே. கல்வராயன் மலையில் மரவள்ளி, தேன், கடுக்காய் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளுந்தூர்பேட்டையில் ரூ.2,302 கோடியில் காலணித் தொழிற்சாலை அமைக்கவும் 20,000 பேருக்கு வேலை தரவும் தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. அத்தகைய ஆலை வரும்போது உணவு, சீருடை, வாகனம், அட்டைப்பெட்டி என்று சுற்றுவட்டாரத்தில் சிறு தொழில்கள் முளைக்கும். பெரிய நிறுவனத்துக்குச் சரக்குத் தருபவர், எத்தனை நாளில் பணம் வரும் என்பதை முதலில் எழுத வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி 45 நாள்களுக்கு மேல் நிலுவை வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் கூட்டு வட்டி. 'உத்யம்' பதிவு செய்திருந்தால்தான் இந்த உரிமையைக் கோருவது எளிது. இதை அறிக்கை எழுதும்போதே அறிந்துகொள்பவருக்கும், பணம் மாட்டிக்கொண்ட பிறகு அறிந்துகொள்பவருக்கும் வேறுபாடு பெரிது.

ஆய்வுகள் சொல்வது

'நல்ல திட்ட அறிக்கை எழுதியவர்கள் எல்லாம் வென்றுவிட்டார்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நைஜீரிய அரசு 2011இல் தொழில் திட்டப் போட்டி ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தனர்; 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் வழங்கப்பட்டது. பணம் பெற்றவர்களின் தொழில்கள் மற்றவர்களுடையவற்றைவிட நிலைத்தன, வளர்ந்தன. ஆனால், பணம் பெற்றவர்களுக்குள்ளேயே யார் மேலோங்குவார் என்பதை, அறிக்கைகளுக்கு நடுவர்கள் வழங்கிய மதிப்பெண்களால் கணிக்க முடியவில்லை என்று உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சியின் ஆய்வு கண்டறிந்தது.

இதன் பொருள் என்ன? அறிக்கையைப் படித்து வெற்றியாளரைப் பொறுக்கியெடுக்க வங்கி மேலாளரால் முடியாது. வங்கிக்கு அதன் பயன் குறைவு. எழுதுபவருக்குத்தான் பயன், அதுவும் தானே எழுதினால்தான். ஆனால், நம் நடைமுறையோ இதற்கு நேர்மாறாக, வங்கிக்காக எழுதவைத்து, எழுதவேண்டியவரை விலக்கிவைத்திருக்கிறது.

டொமினிகன் குடியரசில் சிறு வணிகர்களிடையே நடந்த இன்னோர் ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் கற்பிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வைப்பது போன்ற சில எளிய விதிகள் மட்டும். கணக்கியல் படித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. எளிய விதிகளைக் கற்றவர்களின் பண நிர்வாகம் மேம்பட்டது. 20 பக்க ஆங்கில அறிக்கையைவிட இரண்டு பக்கத் தமிழ் அறிக்கை மேலானதாக இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நமக்கும் இது புதிதன்று. பேரேடு, ஐந்தொகை என்ற சொற்களோடு கடல் கடந்து கணக்கு எழுதிய வணிக மரபு தமிழுக்கு உண்டு. ஒரு செயலில் அழிவது, ஆவது, பின்பு வரும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லித்தான் திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரமே தொடங்குகிறது. வரப்போகும் ஆக்கத்தை நம்பி இருக்கும் முதலை இழக்காதே என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ரூ.10 லட்சம் வரையிலான கடன்களுக்கு வார்ப்பு அறிக்கையை ஏற்பதை நிறுத்திவிட்டு, விண்ணப்பதாரரே தமிழில் நிரப்பும் நான்கு பக்கப் படிவத்தை மாவட்டத் தொழில் மையங்களும் வங்கிகளும் ஏற்க வேண்டும். யாருக்கு, எத்தனை, என்ன விலைக்கு விற்பது. மூலப்பொருள் எங்கே, எந்த மாதத்தில் வாங்குவது. 12 மாதங்களின் வரவும் செலவும். எதிர்பார்த்ததில் பாதியே விற்றால் என்ன செய்வது. எந்த அளவு நட்டத்தில் நிறுத்திக்கொள்வது. இந்த ஐந்துக்கும் விடை இருந்தால் போதும். விகிதங்களை வங்கியின் கணினி போட்டுக்கொள்ளும்.

இரண்டாவதாக, தொழில்முனைவோர் பயிற்சியை மானியத்துக்கான ஒரு சடங்காக வைத்திராமல், அறிக்கை எழுதுவதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்குமாக நீட்டிக்கப்பட்ட ஒன்று. அடுத்த கட்டத்துக்கான விதிகளில் இந்த வரிசை மாற்றம் இடம்பெறுவது பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவதாக, நடைமுறை மூலதனம். நாயக் குழுவின் பரிந்துரைப்படி, சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 விழுக்காட்டை நடைமுறை மூலதனக் கடனாக வழங்கும் முறை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. மேற்சொன்ன செக்கில் மாதம் 788 லிட்டர் என்றால் ஆண்டு விற்பனை ரூ.30 லட்சம், கேட்கக்கூடிய தொகை ரூ.6 லட்சம். தன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாதவர் இதை எப்படிக் கேட்பார்? ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே.சின்ஹா குழுவும், பணவரவை அடிப்படையாகக் கொண்ட கடன் முறையை 2019இலேயே வலியுறுத்தியது. பருவத்துக்கேற்பத் தவணையை அமைக்க அதுவே வழி.

நான்காவதாக, கல்லூரிகள். நம் பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பொருளியலும் வணிகவியலும் பயிலும் மாணவர்கள் ஏராளம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சிக்கு இடம் தருகிறது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் உள்ளூர் மூலப்பொருள் விலை, கடை வாடகை, கூலி, கடன் நாள் ஆகியவற்றைத் திரட்டி, வட்டார விலைத் தாளாக வெளியிடலாம். தொழில் தொடங்குபவருக்கு ஊகத்துக்குப் பதில் உண்மையான எண் கிடைக்கும். மாணவருக்குத் தேவை, அளிப்பு என்ற பாடம் கடைத்தெருவில் கிடைக்கும்.

கடன் கட்டத் தவறிய சிறு தொழில்முனைவோருக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் வருவதில்லை. கடன் மதிப்பெண் சரிந்தால் அடுத்த வங்கியும் கதவைச் சாத்தும், பிறகு கந்துவட்டிதான். அடகுக்குப் போன தாயின் நகை மீளாது. மானியத்தை இன்னும் ஐந்து விழுக்காடு உயர்த்துவதைவிட, அந்த 263 குடும்பங்கள் யார் என்ற கேள்வியைக் கடனுக்கு முன்பே கேட்கவைப்பது அரசுக்குச் செலவில்லாத சீர்திருத்தம். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: ஓராண்டுக்கு, ஒரு வட்டாரத்தில், தமிழில் எழுதிய நான்கு பக்கம்.